கத்தரி இலையைப் பறிக்காமல் பரப்பும் வளர்ச்சியும் கணக்கிடுவது: எந்தக் காரணி, எந்த வளைகோடு?

நாற்றங்கால்:
எல்லோருக்கும் வணக்கம். தொட்டிக் கத்தரியில் ஒரு சோதனை வைக்கிறேன். மொத்தம் 40 தொட்டி. 20 தொட்டிக்கு முழு நீர், 20 தொட்டிக்கு அதில் பாதி. நட்டதிலிருந்து முதல் பூ வரை இலைப்பரப்பு எப்படிக் கூடுகிறது, நீர் குறைந்தால் அந்த வேகம் எப்போது தடுமாறுகிறது என்பதுதான் கேள்வி. இலையைப் பறித்தால் செடியின் போக்கே மாறிவிடும். அதனால் செடியிலேயே வைத்து அளந்தாக வேண்டும்.

இலைப்பரப்பு = நீளம் × அகலம் × 0.75 (கடைசி எண்தான் காரணி) என்று எங்கே தேடினாலும் வருகிறது. கத்தரிக்கும் அதையே போடலாமா? வளர்ச்சிக்கு S வடிவ வளைகோடுகளான லாஜிஸ்டிக் நல்லதா, கோம்பர்ட்ஸ் நல்லதா? எத்தனை நாளுக்கு ஒருமுறை அளக்க வேண்டும்? என்னிடம் இருப்பது ஸ்கேல், வீட்டு ஸ்கேனர், எக்செல். அவ்வளவுதான்.

வரம்போரம்:
0.75 மக்காச்சோளத்தின் எண். மாண்ட்கோமரி 1911-ல் மக்காச்சோளத் தாளுக்கு (இலைக்கு) சொன்னது. நீண்டு, இரு ஓரமும் கிட்டத்தட்ட இணையாகப் போய் நுனியில் குறுகும் தாளுக்கு அது சரி. வாழைக்கு 0.8 புழக்கத்தில் இருக்கிறது, அதற்கும் காரணம் வடிவம்தான்.

எந்தப் பயிரானாலும் ஒரு கணக்கை முதலில் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். இலை முழுச் செவ்வகமானால் காரணி 1. நீள்வட்டமானால் பை ÷ 4, அதாவது 0.785. முக்கோணமானால் 0.5. இரண்டு பரவளைவுகளை முதுகோடு முதுகு ஒட்டினாற்போல இருந்தால் 0.667. கத்தரி இலை முட்டை வடிவம், ஆனால் ஓரம் மடல் மடலாக உள்வாங்கியிருக்கும். நீள்வட்டத்திலிருந்து அந்த உள்வாங்கல் கழிய வேண்டும். ஆகவே உங்கள் காரணி 0.785-க்கு மேலே வந்தால் முதலில் அளவெடுத்த முறையைச் சந்தேகப்படுங்கள்.

வேறு யாருடைய எண்ணையும் எடுக்காதீர்கள். ரகத்துக்கு ரகம் மடலின் ஆழம் மாறும். உங்கள் ரகத்தில், உங்கள் தொட்டியில் வளர்ந்த இலையில் நீங்களே காரணியைக் கண்டுபிடிக்க வேண்டும்.

செவ்வந்தி:
வரம்போரம் சொல்வது சரி. ஆனால் காரணிக்கு முன்னால் "நீளம்", "அகலம்" இரண்டையும் வரையறுத்துக்கொள்ள வேண்டும். கத்தரியில் அங்கேதான் கை வழுக்கும்.

கத்தரி இலையின் அடி சமமாக இருக்காது. காம்பின் ஒரு பக்கம் இலைத்தாள் மேலேயே முடிந்துவிடும், மறு பக்கம் கீழே இறங்கி வந்து ஒட்டும். பெரிய இலையில் இந்த இரண்டு இடத்துக்கும் இடையே கண்ணுக்குத் தெரிகிற அளவு இடைவெளி உண்டு. ஒரு நாள் மேல் ஒட்டிலிருந்தும், அடுத்த நாள் கீழ் ஒட்டிலிருந்தும் எடுத்தால் இலை ஒரே இரவில் சுருங்கியதாக எக்செல் காட்டும். கீழ் ஒட்டிலிருந்து நுனி வரை, நடுநரம்பை ஒட்டியே என்று வைத்துக்கொள்ளுங்கள். இலை வளைந்திருந்தால் ஸ்கேல் வேண்டாம், தையல் டேப் வைத்து நரம்போடு படியவிட்டு அளங்கள்.

அகலத்தில் வேறு சிக்கல். மடல்கள் எதிரெதிராக நிற்காது, மாறி மாறி நிற்கும். இடப்பக்க மடலின் முனைக்கும் வலப்பக்க மடலின் முனைக்கும் நேரே கோடு போட்டால் அது சாய்ந்த கோடு, உண்மையான அகலத்தை விட நீளமாக வரும். நடுநரம்புக்கு இணையாக இரண்டு கோடுகளை மனதில் வரையுங்கள்: ஒன்று இடப்பக்கத்தின் வெளிமுனையைத் தொட வேண்டும், மற்றது வலப்பக்கத்தின் வெளிமுனையை. அந்த இரண்டு கோடுகளுக்கு நடுவே உள்ள செங்குத்துத் தூரம்தான் அகலம். ஒளிபுகும் பிளாஸ்டிக் தாளில் 5 மி.மீ. கட்டம் பிரின்ட் செய்து, நடுக்கோட்டை நரம்பின் மேல் வைத்துவிட்டால் இரண்டு பக்கமும் தனித்தனியாகப் படித்துக் கூட்டலாம். ஸ்கேலை விட வேகம், கைக்குக் கை வித்தியாசமும் குறையும்.

நடுநரம்பில் முள் இருக்கிற ரகமானால் தாளை மேல்புறமாக மட்டும் வையுங்கள், அழுத்த வேண்டாம்.

நாற்றங்கால்:
நன்றி அக்கா. காரணி கண்டுபிடிக்க எத்தனை இலை பறிக்க வேண்டும்? 40 தொட்டியிலிருந்தே எடுக்கலாமா?

செவ்வந்தி:
கூடாது. சோதனைச் செடியைத் தொடவே வேண்டாம். ஒவ்வொரு நீர் அளவுக்கும் 6 தொட்டி கூடுதலாக வையுங்கள், அதே மண், அதே வரிசையில். இலை பறிப்பதெல்லாம் அதிலிருந்துதான்.

நீளத்தை வைத்து நான்கு பிரிவு வையுங்கள்: 4 செ.மீ. வரை, 4 முதல் 8, 8 முதல் 12, அதற்கு மேல். பிரிவுக்கு 15 என்றால் ஒரு நீர் அளவுக்கு 60 இலை. பெரிய இலையாகப் பார்த்துப் பறித்துவிட்டு, அதில் வந்த காரணியைத் தளிருக்குப் போடுவது பலர் செய்வது. தளிரின் மடல் இன்னும் சரியாக விரிந்திருக்காது, அதன் காரணி வேறாக இருக்கும்.

வரிசை முக்கியம். முதலில் செடியில் இருக்கும்போதே நீளம், அகலம் எடுங்கள். பிறகு பறித்து ஈரத்துணி விரித்த பாலித்தீன் பைக்குள் போடுங்கள். அரை மணிக்குள் ஸ்கேன். பறித்த பிறகு மேசையில் தட்டையாக வைத்து நீளம் அளந்தால் அது வேறு அளவு. நாளைக்குச் செடியில் நீங்கள் எடுக்கப்போவது வளைந்த, தொங்கும் இலையின் அளவு. காரணி அந்த அளவுக்குப் பொருந்த வேண்டும்.

ஸ்கேனரில் 300 டிபிஐ போதும். அதில் ஒரு ச.செ.மீ.க்கு சுமார் 13,950 புள்ளி வரும். வண்ணத்தில் ஸ்கேன் செய்து, இமேஜ்ஜே என்ற பட அளவை மென்பொருளில் பச்சையைப் பிரித்து எண்ணுங்கள். மூடியின் உட்புறம் வெள்ளைத் தாள் ஒட்டுங்கள். தடித்த நரம்பு மூடியைத் தூக்கிவிடும், ஓரத்தில் சாம்பல் நிழல் விழும், அந்த நிழலும் இலையாக எண்ணப்பட்டால் பரப்பு கூடும். மூடிமேல் ஒரு கனமான புத்தகத்தை வைத்தால் தீர்ந்தது. மடல் ஒன்றன்மேல் ஒன்று மடிந்தால் நடுநரம்பு வரை ஒரு வெட்டு கொடுத்து விரியுங்கள். நாளின் முதல் ஸ்கேன் எப்போதும் 10 × 10 செ.மீ. கறுப்புத் தாளாக இருக்கட்டும். 100 வரவில்லையென்றால் அன்றைக்கு மேலே போகாதீர்கள்.

ஸ்கேனர் கெட்டுப்போனால் காகித எடை முறை இருக்கிறது. இலையின் உருவை 80 ஜிஎஸ்எம் (ச.மீ.க்கு 80 கிராம்) தாளில் வரைந்து வெட்டி எடை போடுவது. ஒரு ச.செ.மீ. 8 மில்லிகிராம், 100 ச.செ.மீ. இலைக்கு 0.8 கிராம். மில்லிகிராம் காட்டும் தராசு வேண்டும். தாள் ஈரம் குடிக்கும் என்பதால் அதே தாளிலிருந்து அளந்து வெட்டிய ஒரு சதுரத்தையும் ஒவ்வொரு முறையும் கூடவே எடை போட்டு விகிதம் எடுங்கள்.

எண்முறை:
செவ்வந்தி மேடம் அளவை முடித்துவிட்டார், நான் கணக்குக்கு வருகிறேன். கேட்டவர் காரணியை நினைத்துக் கவலைப்படுகிறார். வளர்ச்சி வேகம்தான் கேள்வி என்றால் காரணியின் மதிப்பு அவ்வளவு முக்கியமே இல்லை. காரணி *மாறாமல்* இருப்பதுதான் முக்கியம்.

இலையின் ஒப்பு வளர்ச்சி வேகம் = (இரண்டாம் பரப்பின் இயல் மடக்கை − முதல் பரப்பின் இயல் மடக்கை) ÷ நாள். மடக்கையைக் கழிக்கும்போது காரணி அடிபட்டுப் போகிறது. உதாரணத்துக்கு ஓர் இலை 4.0 × 3.0, இரண்டு நாளில் 5.2 × 3.9. பெருக்குத்தொகை 12-லிருந்து 20.28. விகிதம் 1.69, அதன் இயல் மடக்கை 0.525, இரண்டால் வகுத்தால் நாளுக்கு 0.262. காரணி 0.6 என்றாலும் 0.7 என்றாலும் விடை இதுதான்.

இலை விரியும்போது மடல் நிறைந்து காரணி 0.60-லிருந்து 0.65-க்கு நகர்ந்தது என்று வையுங்கள். 0.65 ÷ 0.60-ன் மடக்கை 0.08. இரண்டு நாளுக்குப் பகிர்ந்தால் நாளுக்கு 0.04. உண்மை வேகம் 0.30, நீங்கள் எழுதியது 0.26. எட்டில் ஒரு பங்குக்கு மேல் காணாமல் போய்விட்டது. காரணி தவறானதால் வந்த பிழை இல்லை இது, நகர்ந்ததால் வந்தது.

ஆகவே காரணியைக் கண்டுபிடித்ததும் செய்ய வேண்டிய முதல் வேலை: ஒவ்வோர் இலைக்கும் தனித்தனியாக பரப்பு ÷ (நீளம் × அகலம்) கணக்கிட்டு, அதை நீளத்துக்கு எதிரே வரைபடமாகப் போடுங்கள். முழு நீர் ஒரு நிறம், பாதி நீர் ஒரு நிறம். புள்ளிகள் கிடையாக ஓடினால் ஒரே காரணி போதும். சாய்ந்தால் பரப்பு = க × (நீளம் × அகலம்)-ன் அடுக்கு ம என்ற வடிவத்துக்குப் போங்கள், மடக்கை எடுத்தால் நேர்கோடு. அதை மறுபடி பரப்பாக மாற்றும்போது, எச்சத்தின் (அளந்ததற்கும் கணித்ததற்கும் உள்ள வித்தியாசம்) மாறுபாட்டில் பாதியை எக்ஸ்ப் (எக்செலின் EXP) எடுத்துப் பெருக்க மறக்காதீர்கள். இல்லாவிட்டால் பரப்பு எப்போதும் சற்றுக் குறைவாகவே வரும்.

வரம்போரம்:
எண்முறை சார், இத்தனை சிரமம் எதற்கு? நீளமும் அகலமும் சேர்ந்தே கூடுகின்றன, இரண்டுக்கும் தொடர்பு 0.95-க்கு மேல் இருக்கும். அகலம் மட்டும் அளந்து, பரப்பு = க × அகலத்தின் வர்க்கம் என்று போட்டால் வேலை பாதியாகும். 40 செடி, செடிக்கு 15 இலை என்றால் ஒரு சுற்றுக்கு 600 இலை. இலைக்கு 15 விநாடி என்றாலே இரண்டரை மணி நேரம். அதில் நேரம் மிச்சம் பிடிப்பது சின்ன விஷயம் இல்லை.

எண்முறை:
ஒரே நிலையில் வளரும் செடிக்கு உங்கள் வழி நல்ல வழி, ஒப்புக்கொள்கிறேன். நீளத்தையும் அகலத்தையும் தனித்தனி மாறியாக ஒரே ரெக்ரஷனில் (தரவுக்குப் பொருந்தும் சமன்பாடு தேடும் கணக்கில்) போடுவதை விட எவ்வளவோ மேல். தொடர்பு 0.97 இருந்தால் மாறுபாட்டுப் பெருக்கக் காரணி (குணகத்தின் நிச்சயமின்மை எத்தனை மடங்கு ஊதுகிறது என்ற அளவு) 1 ÷ (1 − 0.94), கிட்டத்தட்ட 17. பத்தைத் தாண்டினாலே குணகங்களை நம்ப முடியாது, ஒன்று எதிர்மறையாகக்கூட வரும். பெருக்குத்தொகையாக ஒரே மாறி ஆக்கினால் அந்தச் சிக்கல் இல்லை.

ஆனால் இங்கே பாதி நீர் என்று ஒரு பிரிவு இருக்கிறது. தண்ணீர் குறைந்தால் இலை நீளத்துக்கும் அகலத்துக்கும் உள்ள விகிதமே மாறலாம். அகலம் மட்டும் எடுத்தால் விகிதம் மாறியதா, பரப்பு குறைந்ததா என்று பிரித்துச் சொல்ல வழியே இருக்காது. சோதனையின் கேள்வியே அங்கேதான் இருக்கிறது. இரண்டு நீர் அளவுக்கும் விகிதம் ஒன்றுதான் என்று அந்த 120 இலையில் தெரிந்தால், அதற்குப் பிறகு அகலம் மட்டும் எடுக்கட்டும்.

வரம்போரம்:
அந்த நிபந்தனை நியாயம். அப்படியே செய்யட்டும்.

பசுங்கணம்:
ஒரு விஷயம் யாரும் சொல்லவில்லை. நேரம். பாதி நீர் வாங்கும் செடி மதியம் இரண்டு மணிக்குத் துவண்டு நிற்கும், ஓரம் கீழே மடியும், அகலம் குறைவாகத் தெரியும். முழு நீர்ச் செடி விறைப்பாக நிற்கும். அந்த நேரத்தில் அளந்தால் வாட்டத்தை அளக்கிறீர்கள், வளர்ச்சியை இல்லை. தினமும் காலை 7-லிருந்து 9-க்குள், நீர் ஊற்றுவதற்கு முன் என்று வைத்துக்கொள்ளுங்கள். முழு நீர்த் தொட்டி எல்லாவற்றையும் முதலில் முடித்துவிட்டு மற்றதற்குப் போகக் கூடாது, ஒன்று விட்டு ஒன்று மாற்றி எடுங்கள்.

தொடுவதும் செடியைக் குறுக்கும். ஜாஃபி 1973-லேயே தண்டைத் தேய்த்த செடிகள் குட்டையாவதைக் காட்டி, அதற்குத் திக்மோமார்ஃபோஜெனிசிஸ் என்று பெயரிட்டார். ஒவ்வொரு நீர் அளவிலும் 3 தொட்டியை யாரும் தொடாமல் விட்டு, கடைசி நாளில் மட்டும் அளங்கள். தொட்ட செடிக்கும் தொடாத செடிக்கும் வித்தியாசம் வந்தால் அதையும் எழுதியாக வேண்டும்.

அடையாளத்துக்கு: காம்பின் அடியில் வண்ணக் கம்பளி நூலைத் தளர்வாகச் சுற்றுங்கள், உள்ளே ஒரு பென்சில் நுழையும் அளவுக்கு. இறுக்கிக் கட்டினால் காம்பு தடிக்கும்போது அறுக்கும். தளிரில் மார்க்கர் பேனாவால் எண் எழுத வேண்டாம், மையின் கரைப்பான் அந்த இடத்தைக் கருக்கிவிடும், கருகிய இடத்தைச் சுற்றி இலை கோணலாக விரியும்.

மேகலை_படம்:
போனில் மேலிருந்து படம் எடுத்தால் தொடவே வேண்டாமே? ஈசி லீஃப் ஏரியா மாதிரி இலவச மென்பொருளில் 4 ச.செ.மீ. சிவப்புச் சதுரத்தைப் பக்கத்தில் வைத்தால் தானாகவே பரப்பு சொல்கிறது.

செவ்வந்தி:
பறித்துத் தரையில் விரித்த இலைக்கோ, தரையோடு படர்ந்த நாற்றுக்கோ அருமையாக வேலை செய்யும். வளர்ந்த கத்தரிக்கு மூன்று தொல்லை. சிவப்புச் சதுரம் தொட்டியின் விளிம்பில் இருக்கும், இலை அதை விட உயரத்தில் இருக்கும். கேமரா சதுரத்திலிருந்து 100 செ.மீ. உயரத்தில், இலை சதுரத்தை விட 10 செ.மீ. மேலே என்றால் நீளம் 1 ÷ 0.9, பரப்பு அதன் வர்க்கம், அதாவது 23 சதவீதம் கூடுதல். செடி வளர வளர இந்தப் பிழையும் வளரும், வளைகோட்டில் அது வளர்ச்சி போலவே தெரியும். அடுத்து, சாய்வு. 30 பாகை சாய்ந்த இலை 13 சதவீதம் குறைவாகத் தெரியும், 60 பாகை சாய்ந்தால் சரிபாதி. நீர் குறைந்த செடியில் இலை தொங்குவதால் பிழை அந்தப் பக்கத்துக்கே போய்ச் சேரும். மூன்றாவது, ஒன்றை ஒன்று மறைப்பது. ஆறேழு இலை வந்த பிறகு கீழ் இலை படத்தில் இருக்காது.

முதல் இரண்டு வாரத்துக்குப் படம் எடுங்கள், பதிவுக்கும் உதவும். பிறகு கைதான்.

நாற்றங்கால்:
சரி. இனி வளைகோடு. லாஜிஸ்டிக், கோம்பர்ட்ஸ் இரண்டில் எது? எக்செல் சால்வர் (வளைகோட்டைத் தரவோடு பொருத்தும் கருவி) சில நேரம் உச்சப் பரப்பை 3000, 4000 என்று தருகிறதாமே?

எண்முறை:
அது ஏன் வருகிறது என்று முதலில். இலை தட்டையான பகுதியை எட்டும் முன்னரே அளவை நிறுத்தியிருந்தால், உச்சப் பரப்பையும் வேகத்தையும் பிரித்தறிய தரவில் தகவலே இல்லை. பெரிய உச்சமும் சிறிய வேகமும் கொடுத்தாலும், சிறிய உச்சமும் பெரிய வேகமும் கொடுத்தாலும் கோடு அதே புள்ளிகள் வழியே போகும். இலை வளர்ச்சி நின்ற பிறகும் குறைந்தது மூன்று அளவு எடுங்கள்.

லாஜிஸ்டிக்: பரப்பு = உச்சம் ÷ (1 + எக்ஸ்ப்(−வேகம் × (நாள் − மையநாள்))). மிக வேகமாக வளரும் நாள் உச்சத்தின் பாதியில், அன்றைய வளர்ச்சி உச்சம் × வேகம் ÷ 4. கோம்பர்ட்ஸ்: பரப்பு = உச்சம் × எக்ஸ்ப்(−எக்ஸ்ப்(−வேகம் × (நாள் − மையநாள்))). அதில் அந்த நாள் முன்னாலேயே, உச்சத்தின் 37 சதவீதத்தில் வந்துவிடும். எது பொருந்தும் என்று யூகிக்க வேண்டாம். உங்கள் இலை எந்த அளவில் இருக்கும்போது அதிகம் கூடியது என்று பாருங்கள், பாதியா, மூன்றில் ஒன்றா? அதுவே சொல்லிவிடும். இரண்டிலும் வளர்ச்சி என்றைக்கும் முழுதாக நிற்காது. நிற்கும் நாள்தான் உங்கள் கேள்வி என்றால் யின் குழுவினர் 2003-ல் கொடுத்த பீட்டா வளர்ச்சிச் சார்பைப் பாருங்கள், அதில் முடியும் நாளே ஓர் அளவுரு.

சால்வருக்குத் தொடக்க மதிப்பு கொடுக்காமல் ஓடவிடாதீர்கள். உச்சத்துக்கு, அளந்ததில் பெரியதை 1.05-ஆல் பெருக்கிய எண். மையநாளுக்கு, அதில் பாதியைத் தொட்ட நாள். வேகத்துக்கு, 4.4-ஐ 10 சதவீதத்திலிருந்து 90 சதவீதம் வரை எடுத்த நாட்களால் வகுத்த எண். லாஜிஸ்டிக்கில் அந்த இடைவெளி எப்போதும் 4.39 ÷ வேகம் என்பதால் இது சரியான இடத்திலிருந்தே தொடங்கும்.

பொருத்தும்போது பரப்பைப் பொருத்தாமல் பரப்பின் மடக்கையைப் பொருத்துங்கள். பிழை இலையின் அளவோடு சேர்ந்து வளர்வதால், சும்மா விட்டால் பெரிய இலைகளே கோட்டை இழுத்துக்கொள்ளும், தளிர்ப் பருவம் எப்படியோ போகும்.

எத்தனை நாளுக்கு ஒருமுறை? 1 மி.மீ. பிழையை வையுங்கள். 4 × 3 இலையில் அது நீளத்தில் 2.5, அகலத்தில் 3.3 சதவீதம், பரப்பில் சேர்ந்து 4.2. இரண்டு நாள் அளவைக் கழித்தால் 5.9. அந்தப் பருவத்தில் இலை இரண்டு நாளில் 50, 60 சதவீதம் கூடுகிறது, ஆகவே தெளிவாகத் தெரியும். 18 × 14 இலையில் பரப்புப் பிழை 0.9, வித்தியாசத்தில் 1.3 சதவீதம். முதிரும் இலை ஒரு நாளில் கூடுவதே அவ்வளவுதான் இருக்கும். ஆகவே தளிருக்கு இரண்டு நாள், பாதி அளவைத் தாண்டியதற்கு நான்கு நாள். முதிரும் இலையில் நேற்றைக் கழித்து இன்றைய வேகம் எழுதாதீர்கள், வளைகோட்டிலிருந்து எடுங்கள்.

இன்னொன்று: 600 இலை அளந்தாலும் உங்கள் மாதிரி எண்ணிக்கை 40 தான். தண்ணீர் செடிக்குத்தான் கொடுத்தீர்கள், இலைக்கு இல்லை. செடிக்கு ஒரு வேகம் என்று சுருக்கிக்கொண்டு 20-க்கு 20 ஒப்பிடுங்கள், அல்லது ஆர் என்ற புள்ளியியல் நிரலில் கலப்பு மாதிரி (ஒரே செடியின் இலைகளை ஒரு குழுவாக எடுக்கும் கணக்கு) போடுங்கள்.

பசுங்கணம்:
600-ஐக் குறைக்க ஒரு வழி: பிளாஸ்டோகிரான் (ஓர் இலைக்கும் அடுத்த இலைக்கும் இடைப்பட்ட காலம்) குறியீடு. எரிக்சனும் மிக்கெலினியும் 1957-ல் கொடுத்தது. நாளை விட்டுவிட்டுச் செடியின் வயதை இலை எண்ணிக்கையிலேயே சொல்வது. 10 மி.மீ. என்ற எல்லையை எட்டிவிட்ட கடைசி இலையின் எண் 8, நீளம் 14 மி.மீ. அதற்கடுத்த 9-ஆவது 6 மி.மீ. குறியீடு = 8 + (14-ன் மடக்கை − 10-ன் மடக்கை) ÷ (14-ன் மடக்கை − 6-ன் மடக்கை) = 8 + 0.336 ÷ 0.847 = 8.40. செடிக்கு இரண்டே அளவு. ஒரே நாளில் நட்ட இரண்டு செடி 8.4, 7.1 என்று நின்றால், ஒன்று மற்றதை விட 1.3 இலை முன்னால் போயிருக்கிறது என்று பொருள்.

அடுத்தடுத்த இலைகள் தளிராக இருக்கும்போது ஒரே வேகத்தில் நீள வேண்டும், அதுதான் நிபந்தனை. ஐந்தாறு இலைகளின் நீள மடக்கையை நாளுக்கு எதிரே வரைந்து, கோடுகள் இணையாக ஓடுகின்றனவா என்று பார்த்துவிட்டுப் பயன்படுத்துங்கள். கத்தரியில் முதல் பூங்கொத்து வந்ததும் முதன்மைத் தண்டு முடிந்து, பக்கக் கிளை தொடரும், இலை எண்ணும் வரிசை குழம்பும். நீங்கள் முதல் பூ வரைதான் என்பதால் பிழைத்தீர்கள்.

வரம்போரம்:
வெப்பநாள் கணக்கு (நாளை எண்ணாமல் அன்றன்றைய வெப்பத்தைக் கூட்டிக்கொண்டே போவது) வேண்டுமா என்று அடுத்து கேட்பார். எல்லாத் தொட்டியும் ஒரே இடத்தில், ஒரே காலத்தில் என்றால் நாளே போதும். பருவத்துக்குப் பருவம் ஒப்பிடும்போதுதான் அது தேவை. அப்போதும் மேல் வரம்பை விட்டுவிடக் கூடாது. மக்காச்சோளத்தில் 10 பாகைக்கும் 30 பாகைக்கும் இடையே எண்ணுவார்கள். பகல் 36, இரவு 26 பாகை என்றால், சராசரியில் 10 கழித்து, வரம்பு போட்டு 18, போடாவிட்டால் 21. நம் கோடையில் தினமும் இந்த மூன்று பாகை சேர்ந்துகொண்டே போகும். அதோடு நீர் குறைந்த இலை துளைகளை மூடிக்கொள்வதால் காற்றை விடச் சூடாக இருக்கும், காற்றின் வெப்பநிலை இரண்டு பிரிவுக்கும் ஒன்றே என்று காட்டினாலும்.

நாற்றங்கால்:
எல்லோருக்கும் நன்றி. இப்படி வைத்திருக்கிறேன்: 40 + பறிக்க 12 + தொடாதவை 6, ஆக 58 தொட்டி. எல்லாச் செடிக்கும் இரண்டு நாளுக்கு ஒருமுறை பிளாஸ்டோகிரான் அளவு. செடிக்கு 4, 7, 10-ஆவது இலைகளுக்கு நூல் கட்டி அவை மட்டும் முழு வளைகோட்டுக்கு. வாரம் ஒருமுறை எல்லா இலையும். கீழ் இலை பழுத்து விழுந்தால் என்ன செய்வது?

செவ்வந்தி:
விழுந்த இலையின் கடைசிப் பரப்பைத் தனிப் பத்தியில் எழுதுங்கள். "உருவான மொத்தப் பரப்பு", "இன்று நிற்கும் பரப்பு" என்று இரண்டு பத்தி. லாஜிஸ்டிக் பொருந்துவது முதலாவதற்கு மட்டும். இரண்டாவதற்குப் போட்டால் உதிர்வு எல்லாம் வளர்ச்சி குறைந்ததாகப் பதிவாகும், பாதி நீர்ச் செடியில் உதிர்வு முன்னாலேயே தொடங்கும் என்பதால் அங்கே பிழை அதிகம். மஞ்சள் பாதிக்கு மேல் ஏறிய அன்றே "நிற்கும்" பத்தியிலிருந்து எடுத்துவிடுங்கள், விழும் வரை காத்திருக்க வேண்டாம்.

எண்முறை:
பறிப்பதற்கான 12 தொட்டியையும் ஒரே நாளில் காலி செய்துவிடாதீர்கள் தம்பி. நட்ட மூன்றாம் வாரத்தில் ஒரு பங்கு, ஐந்தாம் வாரத்தில் ஒரு பங்கு, முதல் பூவில் மீதி. காரணி நாளோடு நகர்கிறதா என்று தெரிய வேறு வழி இல்லை. மூன்றில் ஒரு பங்குச் செடியின் இலைகளைக் காரணி கணக்கில் சேர்க்காமல் ஒதுக்கி வைத்து, அதில் சரிபாருங்கள். ஒதுக்குவது செடி செடியாக, இலை இலையாக இல்லை. ஆர்-ஸ்கொயர் (பொருத்தத்தின் அளவு, 1 என்றால் முழுப் பொருத்தம்) 0.98 என்று வந்தால் அதோடு நிற்க வேண்டாம், 2 செ.மீ. இலையும் 20 செ.மீ. இலையும் ஒரே படத்தில் இருந்தால் அது எப்படியும் உயர்ந்துதான் வரும். ஒவ்வொரு நீளப் பிரிவிலும் கணித்த பரப்புக்கும் ஸ்கேன் பரப்புக்கும் சராசரி வித்தியாசம் எத்தனை சதவீதம் என்று தனித்தனியாக எழுதி இங்கே போடுங்கள், பார்த்துச் சொல்கிறேன்.